இரு மொழிகளின் எல்லையில்: ஜாவா வலைச் சேவையகத்துள் பைத்தான் நிரல்களின் பழுதறிதல்

வலைச் சேவையகம் என்பது பயனரின் உலாவியிலிருந்து வரும் வேண்டுகோளைப் பெற்று, அதற்குரிய விடையைத் திரட்டித் திருப்பி அனுப்பும் மென்பொருளாகும். அத்தகைய சேவையகம் ஜாவா மொழியில் எழுதப்பட்டிருக்க, விடையைத் திரட்டும் வேலையில் ஒரு பகுதி பைத்தான் மொழியில் எழுதப்பட்ட நிரலிடம் ஒப்படைக்கப்பட்டிருக்குமானால், அந்நிரல் பழுதுபடும்போது பழுதின் இருப்பிடத்தை எவ்வாறு கண்டறிவது என்பதே இச்சொற்பொழிவின் பொருள்.

இவ்விரு மொழிகளும் வெவ்வேறு நோக்கங்களோடு பிறந்தவை. ஆம்ஸ்டர்டாம் நகரின் கணிதம், கணினியியல் ஆய்வு மையத்தில் பணியாற்றிய கீடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட பைத்தான், எழுதவும் படிக்கவும் எளிதாக இருக்க வேண்டும் என்ற நோக்கில் அமைந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் உருவாக்கி 1995-இல் வெளியுலகுக்கு வந்த ஜாவா, ஒருமுறை எழுதிய நிரல் எந்தக் கணினியிலும் ஓட வேண்டும் என்ற நோக்கில் அமைந்தது. அதே நிறுவனத்தில் உருவாகி 1999-இல் அப்பாச்சி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்ட டாம்கேட் என்னும் ஜாவாச் சேவையகமே இவ்வுரை முழுவதிலும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் ஜாவாவில் வளர்ந்த ஒரு பெரிய செயலியை மாற்றி எழுதுவது பெருஞ்செலவு என்பதாலும், புள்ளியியல், மொழி ஆய்வு, இயந்திரக் கற்றல் ஆகியவற்றுக்குரிய ஆயத்த நூலகங்கள் பைத்தானில் நிறைந்து கிடப்பதாலும், ஒன்றன் வீட்டில் மற்றொன்றைக் குடிவைக்கும் நிலை ஏற்படுகிறது.

இவ்வாறு குடிவைத்த இடங்களில் மிகுதியாகக் கேட்கும் முறையீடு, ‘முனையத்தில் சரியாக ஓடிய நிரல் சேவையகத்துக்குள் ஓடவில்லை’ என்பது. முனையம் என்பது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கருந்திரை. அங்கே ஓடியதும் இங்கே ஓடாததும் எழுத்து மாறாத ஒரே நிரல்தான் என்றால், மாறியது அதைச் சூழ்ந்திருப்பதே என்பது தெளிவு. நிரலை இயக்கும் பயனர், நிற்கும் கோப்புறை, நூலகங்களைத் தேடும் பாதை, மொழியின் பதிப்பு, எழுத்தைப் பைட்டுகளாக்கும் எழுத்துக் குறியாக்கம் ஆகிய அனைத்தும் நிரலின் எழுதப்படாத பகுதிகளாகும். அந்த எழுதப்படாத பகுதியை எழுத்தில் கொண்டுவந்து பார்ப்பதே பழுதறிதலின் பெரும்பகுதி என்பது இவ்வுரையின் நிலைப்பாடு.

குடிவைக்கும் இரு முறைகள்

ஜாவாவுக்குள் பைத்தானை இயக்க இரு முதன்மையான வழிகள் உள்ளன. முதல் வழியில், பைத்தான் நிரல் ஜாவாவின் மெய்நிகர் இயந்திரத்துக்குள்ளேயே, அதாவது ஜாவா நிரல்கள் ஓடுவதற்கென அமைந்த அந்த மென்பொருள் இயந்திரத்துக்குள்ளேயே, மொழிபெயர்க்கப்பட்டு ஓடுகிறது. ஜிம் ஹியூகனின் 1997-இல் ஜேபைத்தான் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் ஜைத்தான் என்று பெயர்பெற்ற மொழிபெயர்ப்பி இவ்வழிக்கு உரியது. இரண்டாம் வழியில், ஜாவா நிரல் இயங்குதளத்தை அழைத்து, கணினியில் நிறுவப்பட்டுள்ள வழக்கமான பைத்தானைத் தனிச் செயல்முறையாகத் தொடங்கி, அதன் வெளியீட்டை, செயல்முறைகளை இணைக்கும் குழாய் வழியே படித்துக்கொள்கிறது. முதல் வழியில் இரு மொழிகளும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டாம் வழியில் இரண்டு செயல்முறைகளும் பைட்டுகளை மட்டுமே பரிமாறிக்கொள்கின்றன.

பழுதுகள் இவ்விரு வழிகளிலும் முற்றிலும் வேறுபட்டவை ஆதலால், எந்த வழியில் நிரல் ஓடுகிறது என்பதைக் கேட்டறிவதே முதற்பணி. பிறர் அமைத்த பழைய செயலியைப் பொறுப்பேற்றவர்க்கு இது பலவேளைகளில் தெரிந்திருப்பதில்லை. பைத்தானின் சிஸ் என்னும் கட்டகத்தில், அதாவது ஆயத்தச் செயற்கூறுகளின் தொகுப்பில், பிளாட்ஃபார்ம் என்றொரு மாறி உண்டு. நிரலின் தொடக்கத்தில் அதனை அச்சிட்டால், ஜைத்தானில் ‘ஜாவா’ என்று தொடங்கும் சொல்லும், லினக்ஸ் கணினியில் நிறுவிய வழக்கமான பைத்தானில் ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் சொல்லும் வெளிப்படும். ஒரே வரியில் கிடைக்கும் இவ்விடை, தேடவேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

பிழைச்செய்தியைப் படிக்கும் திசை

பயனரின் உலாவியில் தோன்றும் 500 என்ற எண் சேவையகத்துள் ஏதோ தவறு நேர்ந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. தவறு இன்னதென்பது பதிவேடுகளில்தான் இருக்கும். பதிவேடு என்பது சேவையகம் தன் செயல்களைத் தானே எழுதிவைக்கும் கோப்பு. டாம்கேட்டில் லாக்ஸ் என்னும் கோப்புறையிலுள்ள கேட்டலினா என்று தொடங்கும் கோப்புகள் சேவையகத்தின் பொதுச் செய்திகளையும், லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கித் தேதியோடு முடியும் கோப்புகள் செயலிக்குள் எழுந்து பிடிபடாமல் வெளியேறிய விதிவிலக்குகளையும், அதாவது ஓட்டத்தின் நடுவே எழும் பிழையறிவிப்புகளையும், தாங்கியிருக்கின்றன. முன்னதை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘பிழைச்செய்தியே இல்லை’ என்று முடிவுகட்டுவோர் பலர்.

செய்தி கிடைத்தபின்பும் அதைப் படிக்கும் திசை மொழிக்கு மொழி மாறுகிறது. பைத்தான் தன் அழைப்புத் தடத்தை, அதாவது எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற வரிசையை, பழையது மேலும் புதியது கீழுமாக எழுதுவதால், தவறின் பெயரும் தவறு நேர்ந்த வரியும் கடைசியில் அமைகின்றன. ஜாவாவோ புதியதை மேலே எழுதுகிறது. ஆயினும், ஒரு விதிவிலக்கு மற்றொன்றுக்குள் பொதியப்பட்டிருந்தால், மூலக்காரணம் கீழே ‘காஸ்டு பை’ என்ற சொற்களோடு தொடங்கும் பகுதிகளுள் கடைசிப் பகுதியின் தலைப்பில் இருக்கும். ஜைத்தான் வழியில் இவ்விரு தடங்களும் ஒரே பதிவேட்டில் அடுத்தடுத்து வருவதால், நூற்றுக்கணக்கான வரிகளைக் கண்டு மருளாமல், முதலில் பைத்தான் தடத்தின் கடைசி வரியையும், பின்னர் ஜாவாத் தடத்தின் கடைசிக் காரணத்தையும் தனித்தனியே எடுத்து எழுதிக்கொள்வது நல்ல வழக்கம். பெரும்பாலான வேளைகளில் அவ்விரு வரிகளே போதும்.

ஜைத்தானுக்கே உரிய பழுதுகள்

ஜைத்தானின் வெளியீடுகள் பைத்தான் 2.7 வரிசையோடு நிற்கின்றன. பைத்தான் 2-க்கான ஆதரவோ 2020 ஜனவரி 1-ஆம் நாளோடு முடிவுற்றது. இன்று பைத்தான் கற்பவர் அனைவரும் மூன்றாம் பதிப்பையே கற்பதால், அவர் எழுதும் நிரல் ஜைத்தானில் தடுமாறுவது இயல்பு. எழுத்துச்சரத்தின் முன் ‘எஃப்’ என்ற எழுத்தையிட்டு அதனுள் மாறிகளைப் பொருத்தும் வசதி 2016-இல் வெளியான 3.6 பதிப்பில்தான் வந்தது; அதைப் பயன்படுத்தும் நிரலை ஜைத்தான் தொடரியல் பிழை என்று உடனே மறுத்துவிடும். இத்தகைய பழுது வெளிப்படையானது என்பதால் தீங்கு குறைந்தது.

பிழைச்செய்தி எதுவும் தராமல் தவறான விடையைத் தரும் பழுதே அஞ்சத்தக்கது. ஏழை இரண்டால் வகுக்கும் வரி ஒன்றை எடுத்துக்கொண்டால், பைத்தான் 3 அதற்கு 3.5 என்று விடை தரும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்ணே விடை என்ற பழைய விதியைப் பின்பற்றும் ஜைத்தான் 3 என்று விடை தரும். நிரல் தடையின்றி ஓடும். பதிவேடு தூய்மையாக இருக்கும். 500 என்ற எண் தோன்றாது. ஆனால் அவ்வெண்ணை நம்பிக் கணக்கிடப்படும் மதிப்பெண் சராசரியும் வட்டியும் பங்கீடும் அனைத்தும் பிழையாகும். ஆகவே, ஜைத்தானுக்குக் கொண்டுவரப்படும் நிரல் ஓடுகிறது என்பதைக் கொண்டு நிறைவடையாமல், விடை தெரிந்த சில கணக்குகளைக் கொடுத்து அதன் விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம்.

நூலகங்களைப் பொறுத்தவரை, நம்பை முதலிய அறிவியல் நூலகங்களின் உட்பகுதி சி மொழியில் எழுதப்பட்டு வழக்கமான பைத்தானுக்கென்றே கட்டப்பட்டிருப்பதால் அவை ஜைத்தானில் ஏறுவதில்லை. அத்தகைய நூலகம் தேவைப்படுமானால் பாதைகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. தனிச் செயல்முறை வழிக்கோ, மெய்நிகர் இயந்திரத்துக்குள் பைத்தான் 3-ஐ இயக்கும் கிரால்பை போன்ற புதிய முயற்சிகளுக்கோ மாறுவதே தீர்வு.

ஜைத்தானோடு பைசர்வ்லெட் என்ற இணைப்புக்கூறு வருகிறது. சர்வ்லெட் என்பது வேண்டுகோளுக்கு விடை தரும் ஜாவா இனக்குழு. இனக்குழு என்பது தரவையும் அதன்மீது இயங்கும் செயற்கூறுகளையும் ஒருங்கே கட்டிய அமைப்பு. பைசர்வ்லெட், பைத்தான் கோப்பு ஒன்றையே சர்வ்லெட்டாக ஏற்றுக்கொள்ளும். ஆனால் கோப்பின் பெயரும் அதற்குள்ளிருக்கும் இனக்குழுவின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். கோப்புக்கு வேறு பெயர் சூட்டிய மறுநொடியே நிரல் நின்றுபோவதற்கு இதுவே காரணம். மேலும், சர்வ்லெட் கோப்பு திருத்தப்பட்டதா என்பதை அது தானே பார்த்துப் புதியதை ஏற்றிக்கொண்டாலும், அக்கோப்பு அழைத்துப் பயன்படுத்தும் துணைக் கட்டகங்கள் முன்பு ஏற்றப்பட்ட வடிவிலேயே நினைவில் தங்கியிருக்கும். துணைக் கட்டகத்தில் செய்த திருத்தம் பலிக்கவில்லை என்று அதையே மீண்டும் மீண்டும் திருத்துவோர், செயலியை ஒருமுறை மறுதொடக்கம் செய்திருந்தால் முதல் திருத்தமே சரியானது என்பதைக் கண்டிருப்பர்.

இழைகள் பற்றியும் ஒரு சொல் வேண்டும். இழை என்பது ஒரே நிரலுக்குள் ஒருங்கே ஓடும் செயலோட்டங்களுள் ஒன்று. டாம்கேட் ஒரு சர்வ்லெட்டுக்கு ஒரே பொருளை உருவாக்கி, அதைப் பல இழைகளிடம் ஒரே நேரத்தில் ஒப்படைக்கிறது. வழக்கமான பைத்தானில் ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் அனுமதிக்கும் பொதுப்பூட்டு உண்டு. அது தரும் அரைகுறைப் பாதுகாப்பும் ஜைத்தானில் இல்லை. வருகையாளர் எண்ணிக்கையைச் சர்வ்லெட்டின் உறுப்பாக வைத்து ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டும்போது, இரண்டு இழைகள் ஒரே நொடியில் 41 என்று படித்து, இரண்டுமே 42 என்று எழுதினால், ஒரு வருகை கணக்கிலிருந்து மறைந்துபோகிறது. ஒருவர் மட்டும் சோதிக்கும்போது தோன்றாமல், பலர் பயன்படுத்தும்போது மட்டும் தோன்றும் பழுதுகளுக்கு இத்தகைய பகிர்வே முதலில் ஐயுறத்தக்கது.

தனிச் செயல்முறையின் பழுதுகள்

இரண்டாம் வழியில் முதலில் எதிர்ப்படுவது, ‘கேனாட் ரன் புரோகிராம்’ என்று தொடங்கி எர்ரர் 2 என்றோ எர்ரர் 13 என்றோ எண் தாங்கிவரும் செய்தி. இரண்டு என்ற எண் கோப்போ கோப்புறையோ இல்லை என்பதையும், பதின்மூன்று என்ற எண் அனுமதி இல்லை என்பதையும் குறிக்கும். முனையத்தில் நுழையும் பயனருக்கு அவருடைய தொடக்கக் கோப்புகள் தேடுபாதைகளை அமைத்துத் தருகின்றன. கணினி தொடங்கும்போதே சேவையாக எழுந்துவிடும் டாம்கேட், அக்கோப்புகளைப் படிக்காமல், பெரும்பாலும் டாம்கேட் என்ற தனிப் பயனராக, குறைந்த தேடுபாதையோடு இயங்குகிறது. ஆகவே பைத்தான் என்ற பெயரை மட்டும் எழுதாமல் அதன் முழுப்பாதையை எழுத வேண்டும். நூலகங்களைத் தனியே பிரித்துவைக்கும் மெய்நிகர் சூழல் பயன்படுத்தப்பட்டிருந்தால், அச்சூழலின் ‘பின்’ என்னும் கோப்புறையிலுள்ள பைத்தானையே முழுப்பாதையோடு அழைத்தால் போதும்; சூழலைச் செயற்படுத்தும் கட்டளை தேவையில்லை. ஜாவா குறித்த நடப்புக் கோப்புறை இல்லாதபோதும் அதே எண் 2 வரும் என்பதை நினைவிற்கொண்டால், இருக்கின்ற பைத்தானை இல்லை என்று தேடும் வீண்முயற்சி தவிரும்.

நிரல் தொடங்கி ஓடிய பின்னர் நேரும் பழுதுகளுள், ஓசையின்றி உறைந்துபோதல் என்பதை அருகிலிருந்து காண்பது பயனுடையது. பைத்தான் நிரலின் வெளியீடு ஜாவாவுக்கு வந்துசேரும் குழாய்க்குக் கொள்ளளவு உண்டு. லினக்ஸில் அது வழக்கமாக 65,536 பைட்டுகள். ஜாவா நிரல், ‘செயல்முறை முடியும்வரை காத்திரு, பின்னர் வெளியீட்டைப் படி’ என்ற வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது என்று கொண்டால், சோதனைக்குக் கொடுத்த சிறு தரவில் வெளியீடு குழாய்க்குள் அடங்கிவிடும். எல்லாம் சரியாக நடக்கும். உண்மையான தரவு வரும் நாளில் 65,536 பைட்டுகள் நிரம்பியதும், அடுத்த எழுத்தை எழுத இடமின்றிப் பைத்தான் காத்து நிற்கும். பைத்தான் முடியட்டும் என்று ஜாவா காத்து நிற்கும். மையச்செயலகம் ஓய்ந்திருக்கும், பிழைச்செய்தி எதுவும் எழாது, இரு நிரல்களும் ஒன்றையொன்று எதிர்நோக்கி முடிவின்றி நிற்கும். எச்சரிக்கைச் செய்திகள் செல்லும் பிழை வெளியீட்டுக் குழாயைப் படிக்க மறந்தாலும் இதே நிலைதான்.

டாம்கேட் இயல்பாக 200 வேலை இழைகளை அனுமதிப்பதால், இவ்வாறு உறைந்த ஒவ்வொரு வேண்டுகோளும் ஓர் இழையை விழுங்கி, இருநூறாவது இழையும் உறைந்த நொடியில், பைத்தானோடு தொடர்பே இல்லாத பக்கங்களும் திறக்காமல் நின்றுவிடும். சேவையகத்தை மறுதொடக்கம் செய்தால் பழுது தற்காலிகமாக மறைவதே இதன் கொடுமை. மறைவதோடு சான்றும் அழிந்துபோகிறது. மறுதொடக்கத்துக்கு முன் ஜேஸ்டாக் என்னும் கருவியால் இழைகளின் நிலையை ஒரு கோப்பில் எடுத்துவைத்தால், பல இழைகள், செயல்முறையின் முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரே ‘வெயிட்ஃபார்’ வரியில் நிற்பது கண்கூடாகத் தெரியும். தீர்வு மூன்று பகுதிகளைக் கொண்டது: பிழை வெளியீட்டையும் பொது வெளியீட்டையும் ஒரே குழாயில் சேர்ப்பது அல்லது தனித்தனி இழைகளில் படிப்பது, படித்து முடித்த பின்னரே முடிவுக்காகக் காத்திருப்பது, காத்திருத்தலுக்குக் கால எல்லை வைத்து, எல்லை கடந்ததும் செயல்முறையை நிறுத்துவது. கால எல்லையோடு காத்திருக்கும் வசதி ஜாவா 8-இலேயே வந்துவிட்டது.

செயல்முறை முடியும்போது தரும் முடிவெண்ணையும் பதிவேட்டில் எழுதச் செய்வது நன்று. சுழியம் வெற்றியையும், 1 பிடிபடாத விதிவிலக்கையும் குறிக்கும். 137 என்பது 128-உடன் 9-ஐக் கூட்டிய எண். ஒன்பதாம் குறிகையால் செயல்முறை வலிந்து நிறுத்தப்பட்டதை அது உணர்த்துகிறது. நினைவகம் தீர்ந்துபோனதால் இயங்குதளமே நிறுத்தியிருக்கக்கூடும் என்பதால், அவ்வெண்ணைக் கண்டவர் பைத்தான் நிரலின் வரிகளை ஆராய்வதற்கு முன் கணினியின் நினைவக அளவை ஆராய வேண்டும்.

தமிழெழுத்தின் பயணம்

எல்லையைக் கடக்கும்போது மிகுதியாகக் காயப்படுவது எழுத்து. யூனிகோடில் ‘தமிழ்’ என்ற சொல் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீட்டுப் புள்ளிகளால் ஆனது. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் பெறுவதால் அச்சொல் 15 பைட்டுகளாகக் குழாய்க்குள் செல்கிறது. ஜாவாவில் அதன் நீளம் 5. பைட்டுகளை அப்படியே எண்ணும் பழைய பைத்தான் 2-இல் 15. சொல்லை எழுத்தெண்ணிக்கை கொண்டு வெட்டும் நிரல் எங்கே வெட்டும் என்பது, எந்த மொழி வெட்டுகிறது என்பதைப் பொறுத்தது.

அனுப்புவோரும் பெறுவோரும் வேறு வேறு குறியாக்கங்களைக் கருதிக்கொண்டால் நேரும் சேதம் இருவகைப்படும். அந்தப் 15 பைட்டுகளை லத்தீன்-1 குறியாக்கத்தில் படித்தால், மேற்குறியிட்ட லத்தீன் எழுத்தும் வட்டத்துக்குள் அமைந்த பதிவுக்குறியும் மாறி மாறி வரும் குப்பை தோன்றும். காண்பதற்குக் கொடியதாயினும் பைட்டுகள் அழியாமல் இருப்பதால் இச்சேதம் மீட்கத்தக்கது. மாறாக, தமிழெழுத்துக்கு இடமில்லாத குறியாக்கத்தில் எழுதும்போது எழுத்துதோறும் கேள்விக்குறி வந்திருந்தால், மூல எழுத்து அழிந்தே போயிற்று. குப்பை தெரிந்தால் பெறும் முனையையும், கேள்விக்குறி தெரிந்தால் எழுதும் முனையையும் முதலில் ஆராய்வது பழுதறிவோர்க்கு உதவும் நல்ல விதி.

முனையத்தில் தமிழ் சரியாக அச்சாகிச் சேவையகத்துள் பிழையாவதற்குக் காரணம், சேவையாக இயங்கும் செயல்முறைக்கு மொழி, வட்டார அமைப்பு எதுவும் தரப்படாமல் அது ஆஸ்கி என்னும் பழைய குறியாக்கத்துக்குத் திரும்பிவிடுவதே. 2018-இல் வெளியான பைத்தான் 3.7, அத்தகைய வெற்றுச் சூழலிலும் யுடிஎஃப்-8-ஐக் கையாளும் வகையில் திருத்தம் பெற்றது. 2022-இல் வெளியான ஜாவா 18, யுடிஎஃப்-8-ஐத் தன் இயல்புக் குறியாக்கமாக ஏற்றது. அவற்றுக்கு முந்திய பதிப்புகள் இயங்கும் இடங்களில் பைத்தான்ஐஓஎன்கோடிங் என்ற சூழல் மாறிக்கு யுடிஎஃப்-8 என மதிப்பு தருவதும், ஜாவாவில் குழாயைப் படிக்கும் வரியிலேயே குறியாக்கத்தின் பெயரை எழுதுவதும் இன்றியமையாதவை. படிவத்தின் வழியே வரும் தமிழுக்கு, அதன் முதல் மதிப்பைப் படிப்பதற்கு முன்பே வேண்டுகோளின் குறியாக்கத்தை அறிவித்துவிட வேண்டும். படித்த பின் அறிவிப்பது பலிக்காது.

தீர்வே தீங்காகாமை

பழுதை விரைந்து நீக்கும் ஆர்வத்தில் பாதுகாப்பைத் தளர்த்துவது பெருந்தவறு. அனுமதி இல்லை என்ற செய்தியைக் கண்டதும் சேவையகத்தையே தலைமைப் பயனராக இயக்குவதும், கோப்புறையை எல்லோரும் எழுதும்படி திறந்துவிடுவதும் பழுதை ஒழித்துப் பேராபத்தை நட்டுவைக்கும் செயல்கள். டாம்கேட்டில் வெளி நிரல்களை இயக்கும் சிஜிஐ சர்வ்லெட் இயல்பாகவே முடக்கிவைக்கப்பட்டிருக்கிறது. அதனை இயக்கிக் கட்டளைவரி மதிப்புகளையும் அனுமதித்த விண்டோஸ் கணினிகளில் வெளியாள் தம் கட்டளையை ஓட்டிவிட முடியும் என்ற ஓட்டை 2019-இல் வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது. பயனர் தட்டச்சு செய்த சொல்லைக் கட்டளைவரியோடு ஒட்டி ஒரே சரமாக்காமல், தனி மதிப்பாகவோ உள்ளீட்டுக் குழாய் வழியாகவோ அனுப்புவதே தக்க முறை.

முறையின் சுருக்கம்

எல்லையில் நேரும் பழுதுக்கு இரு தரப்பும் மறுதரப்பைக் குறை கூறுவது எளிது. ஜாவா அறிந்தவர் பைத்தானையும் பைத்தான் அறிந்தவர் ஜாவாவையும் ஐயுற்றுத் தம் பகுதியைத் தொடாமல் விடும்போது, இரண்டுக்கும் நடுவிலுள்ள சூழலை ஆராய்வதற்கு ஆளில்லாமல் போகிறது. அந்நிலையைத் தவிர்க்க ஓர் எளிய ஒழுக்கம் போதுமானது: சேவையகத்துள் ஓடும் ஒவ்வொரு பைத்தான் நிரலும் தொடங்கியவுடன் தன் மொழிப்பதிப்பு, இயக்கும் பயனர், நடப்புக் கோப்புறை, நூலகத் தேடுபாதை, எழுத்துக் குறியாக்கம் ஆகிய ஐந்தையும் பதிவேட்டில் எழுதட்டும். அதே நிரல் முனையத்தில் எழுதும் ஐந்தையும் அருகில் வைத்து ஒப்பிட்டால், வேறுபடும் வரியே பெரும்பாலும் பழுதின் முகவரியாகும். அவ்வைந்து வரிகளையும் பார்க்கும்வரை நிரலின் ஓர் எழுத்தையும் மாற்றாதிருத்தல் வேண்டும். மாற்றும்போதும் ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றி, மாற்றியதை எழுதிவைத்தல் வேண்டும். அடுத்து அச்சேவையகத்தைப் பொறுப்பேற்க வருபவருக்கு அக்குறிப்பே வழிகாட்டும்.